அருள் எப்போது ஆற்றலானது? கைவழிச் சிகிச்சையும் அறிவியலின் விடையும்

சென்ற மாதம் ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் முதுகலை மாணவி ஒருவர் என்னிடம் கேட்டார்: “பிராணிக் ஹீலிங், ரெய்கி இவற்றையெல்லாம் அறிவியலால் விளக்க முடியுமா, சார்?” முடியாது என்று ஒரே சொல்லில் விடையளித்தேன். அவர் விடவில்லை. “ஆனால், என் அம்மாவுக்கு ஒற்றைத் தலைவலி குறைந்ததே!” என்றார். வீடு திரும்பும் வழியெங்கும் அந்த வாக்கியம் உறுத்திக்கொண்டே வந்தது. என் விடை அவசர விடை. அவர் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருந்தன. நான் ஒன்றுக்கு மட்டுமே விடை சொல்லியிருந்தேன். இரண்டையும் பிரித்துப் பார்க்க வரலாற்றுக்குள் சற்றுப் போக வேண்டியிருக்கிறது. பதிவு நீளம், பொறுத்தருள்க.

1

நான் வசிப்பது பெங்களூரின் நீலசந்திராவில். தமிழரும் உருது பேசும் முஸ்லிம்களும் கன்னடரும் சுவரோடு சுவர் ஒட்டி வாழும் பகுதி. மாலைத் தொழுகை முடியும் நேரத்தில் காய்ச்சல் கண்ட குழந்தையை ஏந்தியபடி பள்ளிவாசல் வாயிலில் தாய்மார் நிற்பதை இங்கே காணலாம். தொழுதுவிட்டு வருவோர் ஓதி ஊதிச் செல்வர். நிற்போருள் எல்லா மதத்தாரும் உண்டு. அம்மன் கோயிலில் வேப்பிலையால் மந்திரிப்பார்கள். வியாழக்கிழமையானால் பக்கத்து விவேக் நகரில் குழந்தை இயேசு ஆலயத்திற்குக் கூட்டம் திரளும். அண்மை ஆண்டுகளில் இவற்றோடு புதிய பெயர்ப்பலகைகளும் சேர்ந்துள்ளன: ‘எனர்ஜி ஹீலிங்’, ‘ஆரா கிளென்சிங்’, ‘சக்ரா பேலன்சிங்’.

ஓதி ஊதுபவரோ வேப்பிலை அடிப்பவரோ தம் செயலை அறிவியல் என்று கூறுவதில்லை. பெயர்ப்பலகை வைத்தவர் கூறுகிறார். இந்த வேறுபாட்டிலிருந்துதான் நம் விசாரணை தொடங்க வேண்டும்.

தமிழ் மரபில் நோய் தீர்க்கும் கைகளுக்குப் பஞ்சமில்லை. பாண்டியனின் வெப்பு நோயைத் திருஞானசம்பந்தர் திருநீறு பூசித் தணித்ததைப் பெரியபுராணம் விரிக்கிறது. அதற்கு முன் சமணர்கள் மயிற்பீலியால் தடவியும் நோய் தணியவில்லை என்பதும் அக்கதையில் உண்டு. தடவுதல், ஊதுதல், நீறு பூசுதல் ஆகிய செயல்கள் யாவும் அப்போதே இருந்தன. அவற்றுக்குக் கூறப்பட்ட காரணம் திருவருள், அல்லது மந்திரம். அருள் எவ்வளவு பாய்ந்தது என்று எவரும் அளக்க முனைந்ததில்லை. அந்தச் சொல் அளவைக் கோரவும் இல்லை.

பிராணன் என்ற சொல் நம் மரபினதுதானே என்று கேட்கலாம். ஆம். சித்த மருத்துவம் எண்ணும் பத்து வாயுக்களுள் முதலாவது அது. ஆனால் அங்கே பிராணன் உடலுக்குள் இயங்கும் காற்று. அதைப் பழக்கி ஆள்வது ஒருவர் தம் மூச்சின்மீது தாமே செய்யும் பயிற்சி. ஒருவர் உள்ளங்கையிலிருந்து கிளம்பி மற்றொருவர் உடலைத் தொடாமலே பாய்ந்து நோயை நீக்கும் ‘ஆற்றல்’ என்ற பொருள் அதற்கு எப்படி வந்தது? அந்தப் பாதை பாரிஸ் வழியாகச் செல்கிறது.

2

வியன்னாவில் மருத்துவம் பயின்ற ஃபிரான்ஸ் அன்டோன் மெஸ்மர் 1778இல் பாரிசுக்கு வந்தார். அண்டமெங்கும் கண்ணுக்குப் புலப்படாத நுண்பாய்மம் ஒன்று நிறைந்துள்ளது; உடலில் அதன் ஓட்டம் தடைபடுவதே நோய்; கைகளை உடலின் மேலாக நகர்த்தி அத்தடையை நீக்கலாம் என்பது அவர் கோட்பாடு. அதற்கு அவர் இட்ட பெயர் ‘விலங்குக் காந்தம்’. காந்தமும் மின்சாரமும் ஐரோப்பாவை வியப்பில் ஆழ்த்தியிருந்த காலம் அது. பெயர் எங்கிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. நோயாளிகள் வலிப்புக் கண்டனர், அழுதனர், மயங்கினர்; பலர் குணமானதாகவும் கூறினர்.

1784இல் பிரெஞ்சு மன்னர் ஓர் ஆய்வுக்குழுவை அமைத்தார். பெஞ்சமின் ஃபிராங்க்ளின், வேதியியலாளர் லவாய்சியே, வானியலாளர் பாயி, மருத்துவர் கியோத்தன் முதலியோர் அதில் இருந்தனர். குழு செய்த சோதனைகள் எளிமையானவை. மெஸ்மரின் சீடர் தெலோன், பாஸியில் ஃபிராங்க்ளின் வீட்டுத் தோட்டத்திலிருந்த ஒரு மரத்தைக் ‘காந்தமூட்டினார்’. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்களைக் கட்டி மரம் மரமாக அழைத்துச் சென்றனர். காந்தமூட்டிய மரத்தை அடையும் முன்பே, நான்காவது மரத்தடியில் அவன் மயங்கி விழுந்தான். காந்தமூட்டப்படாத மரம் அது. மற்றவர்களிடம் செய்த சோதனைகளும் இதையே காட்டின. தமக்குக் காந்தமூட்டப்படுகிறது என்று நம்பியவர்களுக்கு, எதுவும் செய்யாதபோதும் விளைவு தோன்றியது. அறியாதவர்களுக்கு, செய்தபோதும் தோன்றவில்லை. நுண்பாய்மம் இல்லை, விளைவைத் தருவது கற்பனையே என்று குழு முடிவுரைத்தது.

இன்றைய மருத்துவ ஆய்வின் முதுகெலும்பான மறைப்புச் சோதனையின் தொடக்க எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. அதாவது, கைவழிச் சிகிச்சையைச் சோதிக்கும் முறையை அறிவியல் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்ற வாதம் எழவே இடமில்லை; அந்த முறை உருவானதே இத்தகைய சிகிச்சையைச் சோதிக்கத்தான்.

எனினும் தெலோன் எழுப்பிய எதிர்க்கேள்வியை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். கற்பனையால் நடக்கும் மருத்துவமே சிறந்ததென்றால், அந்த மருத்துவத்தையே நாம் ஏன் செய்யக்கூடாது என்று அவர் கேட்டார். அந்த மாணவியின் அம்மா நிற்கும் இடமும் அதுவே.

3

அறுபது ஆண்டுகள் கழித்து அந்தக் கேள்வி இந்தியாவுக்கு வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் எஸ்டெய்ல், கல்கத்தாவுக்கு வடக்கேயுள்ள ஹூக்ளியில் 1845 ஏப்ரலில் கைதி ஒருவருக்கு விரைவீக்க அறுவை செய்தபோது, வலி தாங்காத அவரை மெஸ்மர் முறையில் துயில்கொள்ளச் செய்ய முயன்றார். அம்முறையை அவர் அதற்குமுன் நேரில் கண்டதில்லை, படித்தறிந்ததே. முயற்சி பலித்தது. எட்டே மாதங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட அறுவைகளை வலியின்றிச் செய்ததாக 1846இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். யானைக்கால் நோயால் விளைந்த பெருங்கட்டிகளை அகற்றியதும் அவற்றுள் அடக்கம். கைகளை மணிக்கணக்கில் நோயாளியின் மேலாக நகர்த்தும் வேலையைச் செய்தவர்கள் மருத்துவமனையிலிருந்த இந்திய உதவியாளர்கள். அரசு குழு அமைத்து ஆராய்ந்தது. கல்கத்தாவில் ஓராண்டுக்கு ஒரு மெஸ்மரிச மருத்துவமனையே நடந்தது.

வங்காளத்து மந்திரவாதி ஒருவரைச் சந்தித்த எஸ்டெய்ல், அவர் நோயாளியை வருடியும் ஊதியும் செய்யும் ‘ஜார்-பூங்க்’ முறையைக் கண்டு, இது நம் மெஸ்மரிசமே என்று முடிவு செய்தார். வரலாற்று மாணவர்கள் இந்தக் கணத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். நம் ஊதலும் வருடலும் ஓர் ஐரோப்பியப் பாய்மக் கோட்பாட்டின் மொழியில் முதன்முதலாகப் பெயர்க்கப்பட்ட தருணங்களுள் இது ஒன்று.

எஸ்டெய்லின் நோயாளிகள் வலியற்றிருந்ததைப் பொய் என்று ஒதுக்க முடியாது. அறிதுயிலால் வலி குறையும் என்பதை இன்றைய மருத்துவம் ஏற்கிறது. ஆனால் எஸ்டெய்ல் நம்பிய பாய்மத்தை எவரும் ஏற்கவில்லை. மான்செஸ்டர் மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்ட் 1843லேயே அதை மறுத்து, நிகழ்வது நோயாளியின் கவனக் குவிப்பால்தான் என்று காட்டியிருந்தார். நிகழ்வு உண்மை, விளக்கம் தவறு: இந்த இணைப்பு வரலாறு நெடுகத் திரும்பத் திரும்ப வருகிறது. 1846 அக்டோபரில் பாஸ்டனில் ஈத்தர் மயக்கத்தில் அறுவை நடந்தது. மறு ஆண்டு குளோரோஃபார்ம் வந்தது. நம்பிக்கை உள்ளவரையும் இல்லாதவரையும் ஒன்றுபோல மயக்கிய பொருள்கள் அவை. மெஸ்மரிச அறுவைக்குத் தேவை குறைந்தது.

4

அறுவைக் கூடத்திலிருந்து வெளியேறிய கோட்பாடு ஆன்மிக இயக்கத்திற்குள் புகுந்தது. பிரம்மஞான சபையின் நிறுவனர்களுள் ஒருவரான கர்னல் ஆல்காட் 1882இல் இலங்கையின் காலியில் வாதநோயாளி ஒருவருக்குப் புத்தரின் பெயரால் கைவழிச் சிகிச்சை செய்தார். கத்தோலிக்கர் தம் அற்புதத் தலத்தைக் காட்டி பௌத்தரை ஈர்த்துவிடுவரோ என்ற அச்சம் அதன் பின்னணி. குணமான செய்தி பரவியதும் கூட்டம் திரண்டது. அடுத்த ஆண்டு வங்காளத்திலும் தென்னிந்தியாவிலும் ஊர் ஊராக அவர் இச்சிகிச்சையைச் செய்தார். அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட இயக்கத்தின் வழியாக மெஸ்மரின் பாய்மமும் நம் பிராணனும் அருகருகே வைத்துப் பேசப்பட்டன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இயற்பியலில் ஆற்றல் அழிவின்மைக் கோட்பாடு நிலைபெற்றது. காந்தத்தின் இடத்தில் ‘ஆற்றல்’ மதிப்புமிக்க சொல்லாயிற்று. 1906இல் ‘யோகி ராமசரகா’ என்ற பெயரில் மனநோக்கச் சிகிச்சை பற்றிய நூல் ஒன்று அமெரிக்காவில் வெளிவந்தது. கைவழியாகப் பிராணனைச் செலுத்தும் ‘பிராணிக் ஹீலிங்’ அதில் விரிவாக இடம்பெற்றது. அந்த யோகியின் உண்மைப் பெயர் வில்லியம் வாக்கர் அட்கின்சன். பால்டிமோரில் பிறந்த அமெரிக்கர். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கச் செவிலியர் பேராசிரியை டொலோரஸ் கிரீகர், ‘தெரப்யூட்டிக் டச்’ என்ற முறையைச் செவிலியக் கல்விக்குள் கொண்டுவந்தபோது அதன் விளக்கமாகப் பிராணனையே முன்வைத்தார். அவரோடு இணைந்து அம்முறையை உருவாக்கிய டோரா குன்ஸ் பின்னர் அமெரிக்கப் பிரம்மஞான சபையின் தலைவரானார். பிலிப்பைன்ஸில் தொழில்முனைவராக இருந்த சோவா கோக் சுயி 1987இல் வெளியிட்ட நூல் பிராணிக் ஹீலிங்கைத் ‘தொன்மையான அறிவியல்’ என்று தலைப்பிலேயே அறிவித்தது. ரெய்கிக்கு வேறொரு பாதை: 1922இல் ஜப்பானில் மிகாவோ உசுயி தொடங்கியது, ஹவாய் வழியே மேற்குக்குச் சென்று, அங்கிருந்து நம்மிடம் வந்தது.

தமிழிலும் இதன் தடம் உண்டு. வேதாத்திரி மகரிஷி தம் தத்துவத்தின் மையச் சொல்லாக ‘ஜீவகாந்தம்’ என்பதைக் கொண்டார். அவர் கற்பித்த உடற்பயிற்சியாலும் தியானத்தாலும் பயன்பெற்றோர் பலர். அதை நான் மறுக்கவில்லை. நான் சுட்டுவது சொல்லை. காந்தம், மின்சாரம், கதிர், ஆற்றல், இன்று குவாண்டம் என ஒவ்வொரு காலத்திலும் இயற்பியலில் எந்தச் சொல் ஓங்கி நிற்கிறதோ அதையே இம்முறைகள் இரவல் பெற்றன. தொன்மை என்று நாம் எண்ணுவதில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்த் திரும்பிவந்த சரக்கு.

5

இரவல் வாங்கிய சொல்லுக்கு ஒரு விலை உண்டு. அருள் என்றால் அளவுகோலுக்கு அப்பாற்பட்டது. ஆற்றல் என்றால் ஜூல் கணக்கில் அளக்கப்படுவது. ஓரிடத்தில் குறைந்தால் வேறிடத்தில் கூட வேண்டியது. அச்சொல்லை எடுத்துக்கொண்டவர் சோதனைக்கும் உடன்பட்டவரே ஆகிறார்.

உடலுக்குக் காந்தப்புலம் உண்டா? உண்டு. இதயத் துடிப்பின் காந்தப்புலம் 1963இல் முதன்முறையாகப் பதிவு செய்யப்பட்டது. அது பூமியின் காந்தப்புலத்தில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் காந்தக் காப்பு அறைக்குள் மிகைக்கடத்திக் கருவிகளைக் கொண்டு இதயம், மூளை இரண்டின் புலங்களையும் அளக்கிறார்கள். இத்தனை நுண்ணியதைக் காணும் கருவி இருக்கும்போது, நோயைக் கரைக்கவல்ல ஆற்றல் உள்ளங்கையிலிருந்து வெளிப்பட்டால் அது புலப்படாமல் போவதற்குக் காரணம் கூறவேண்டிய கடமை அதைக் கூறுபவருக்கே உரியது.

கருவி வேண்டாம், பயின்றவரின் கையே உணரும் என்றனர் சிலர். அதையும் சோதித்தாயிற்று. எமிலி ரோசா என்ற அமெரிக்கச் சிறுமி ஒன்பது வயதில் தொடங்கிய சோதனை 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்க ஆய்விதழில் வெளிவந்தது. ‘தெரப்யூட்டிக் டச்’ பயின்ற 21 பேர் திரைக்கு அப்பால் இரு கைகளையும் நீட்டினர். சிறுமி நாணயம் சுண்டி ஒரு கையைத் தேர்ந்து, அதன்மேல் தன் கையைச் சற்று உயரத்தில் பிடித்தாள். எந்தக் கை என்று அவர்கள் சொல்ல வேண்டும். 280 முறைகளில் 123 முறையே சரியாகச் சொன்னார்கள், 44 விழுக்காடு. கண்ணை மூடி ஊகித்தாலே பாதி சரியாகும்.

2011இல் அமெரிக்காவில் வேதிமருந்துச் சிகிச்சை பெற்ற 189 புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆய்வு இன்னும் தெளிவானது. ஒரு குழுவுக்குப் பயிற்சி பெற்றவரின் ரெய்கி, மற்றொரு குழுவுக்கு ரெய்கி போன்ற பாவனை, மூன்றாவது குழுவுக்கு வழக்கமான பராமரிப்பு மட்டும். முதல் இரு குழுக்களுக்கும் மனநிம்மதியும் உடல் இதமும் கூடின, இரண்டிலும் கூடின. 1784இல் மரத்தடியில் கிடைத்த விடையே இங்கும் கிடைத்தது.

6

ஆக, ஆற்றல் பற்றிய கேள்விக்கு விடை தெளிவு. மாணவியின் அம்மா பற்றிய கேள்வி இன்னும் இருக்கிறது. அதையும் அறிவியல் கைவிடவில்லை. அங்கேதான் அதன் விளக்கம் வளமாக இருக்கிறது. பல் அறுவைக்குப் பின் மருந்துப்போலியால் வலி குறைந்தவர்களுக்கு, உடலின் இயற்கை வலிநீக்கிகளைத் தடுக்கும் நலாக்சோன் மருந்தைக் கொடுத்தால் வலி மீளும் என்று 1978இல் ஓர் ஆய்வு காட்டியது. நம்பிக்கை உடலுக்குள் வேதிப்பொருளாக வேலை செய்கிறது என்பதற்கு அது ஒரு தொடக்கச் சான்று. 2008இல் குடல் எரிச்சல் நோயாளிகள் 262 பேரிடம் நடந்த ஆய்வில், காத்திருப்புப் பட்டியலில் இருந்தோருள் 28 விழுக்காட்டினருக்குப் போதிய நிவாரணம் கிடைத்தது. பாவனை அக்குபங்சர் மட்டும் பெற்றவர்களுள் 44 விழுக்காட்டினருக்கு. அதோடு அன்பும் கவனமும் மிகுந்த உரையாடலும் பெற்றவர்களுள் 62 விழுக்காட்டினருக்கு. கேட்கும் செவிக்கும் கனிந்த முகத்துக்கும் அளவிடத்தக்க மருத்துவப் பயன் உண்டு. ஐந்து நிமிடத்தில் சீட்டெழுதி அனுப்பும் நம் மருத்துவமனைகள் இழந்துவிட்ட பயன் அது.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. 2011இல் வெளிவந்த ஆஸ்துமா ஆய்வில் உண்மை மருந்தும் மருந்துப்போலியும் பாவனை அக்குபங்சரும் ஏறக்குறைய ஒரே அளவு நிம்மதியைத் தந்ததாக நோயாளிகள் கூறினர். நுரையீரலை அளந்தபோதோ, மருந்து பெற்றவர்களுக்கு மூச்சுத்திறன் 20 விழுக்காடு உயர்ந்தது. மற்றவர்களுக்கு ஏழு விழுக்காட்டளவே. உணர்வு மாறியது, மூச்சுக்குழல் அந்த அளவுக்கு மாறவில்லை.

இந்த வேறுபாட்டை நான் ஆய்விதழில் கற்கவில்லை. என் சித்திக்கு மார்பில் கட்டி தோன்றியபோது, தொடாமலே குணமாக்கும் ஒருவரிடம் ஏழு மாதம் சென்றுவந்தார். அவர் ஏமாற்றுக்காரர் அல்லர். சிறு தொகையே பெற்றார். சித்தியின் பேச்சைப் பொறுமையாகக் கேட்டார். சித்திக்கு உறக்கம் வந்தது, வலி குறைந்தது, அச்சம் தணிந்தது. சித்தி பொய் சொல்லவில்லை. அந்த உண்மையான நிம்மதிதான் மருத்துவமனைக்குப் போகும் நாளைத் தள்ளிப்போட்டது. கட்டி தன் போக்கில் வளர்ந்தது. இப்போது சிகிச்சையில் இருக்கிறார். ஏழு மாதம் முன்னதாகச் சென்றிருந்தால் சிகிச்சை எளிதாயிருக்கும் என்றார் மருத்துவர்.

7

எங்கள் பகுதியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், ஓசூர் சாலையில், நிம்ஹான்ஸ் இருக்கிறது. அங்குப் பணியாற்றிய மனநல மருத்துவர் ரா. ரகுராமும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தமிழ்நாட்டில் மனநோய் தீரும் என்று நம்பி மக்கள் சென்று தங்கும் ஒரு முத்துசாமி கோயிலைப் பற்றியது. தீவிர மனநோய் கொண்ட 31 பேரை, வந்தபோதும் திரும்பும்போதும் தரப்படுத்திய அளவுகோலால் மதிப்பிட்டனர். மருந்து தரப்படவில்லை, தனிச் சடங்கு எதுவும் செய்யப்படவில்லை. குடும்பத்தார் துணையோடு தங்கி, கோயிலின் அன்றாட வேலைகளில் பங்குகொண்டனர். நோய்க்குறி மதிப்பெண் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வு என்பதை மறக்கக்கூடாது. ஆயினும் அதன் ஆசிரியர்கள் ஆற்றலைத் தேடவில்லை. அச்சுறுத்தாத, ஆதரவான இடம் நோயாளிக்கு என்ன செய்கிறது என்று பார்த்தார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை நம்பி வந்தோரை வைத்துத் தனியார் நடத்திய காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப இயலவில்லை; 28 பேர் இறந்தனர். இரு இடங்களுக்கும் மக்களைக் கொண்டுவந்தது ஒரே வகை நம்பிக்கை. ஓரிடத்தில் நோயாளி செடிக்கு நீர் ஊற்றும் மனிதராக நடத்தப்பட்டார், மற்றதில் கட்டிவைக்கப்பட்டார். நம்பிக்கையைப் பழிப்பதாலோ புகழ்வதாலோ இந்த வேறுபாடு விளங்காது. அங்கே நோயாளியை யார், எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்தால் விளங்கும்.

மாணவிக்கு இப்போது என் விடை இது. உள்ளங்கையிலிருந்து பாயும் ஆற்றல் ஒன்று உண்டு என்பதற்கு 1784 முதல் இன்றுவரை தாங்கி நிற்கும் சான்று இல்லை. உங்கள் அம்மாவின் தலைவலி குறைந்ததை அறிவியல் நம்புகிறது. அதற்கான காரணத்தையும் ஓரளவு கூறுகிறது. தலைவலிக்கு அந்த நிம்மதி போதுமானதாக இருக்கலாம். கட்டிக்கும் மூச்சிரைப்புக்கும் போதாது. ஆகவே குணமாக்குபவர் எவரிடமும் முதலில் கேட்க வேண்டியது, உங்களிடம் ஆற்றல் உண்டா என்பதன்று. எந்த நோயை நீங்கள் மருத்துவரிடம் அனுப்பிவைப்பீர்கள் என்பதே.

எங்கள் தெருப் பள்ளிவாசலில் குழந்தைக்கு ஓதி ஊதும் பெரியவர் ஒருவர், ஊதி முடித்ததும் தாயிடம் தவறாமல் ஒன்று சொல்வார்: “டாக்டர்கிட்டயும் காட்டிடும்மா.” பெயர்ப்பலகை எதுவும் அவருக்கு இல்லை.

மாற்றுக் கருத்துள்ளோர் சான்றுகளோடு எழுதுக, கற்றுக்கொள்ளக் காத்திருக்கிறேன்.